கேனில் வளர்ந்த பிள்ளைகள்

என் மாமனாரின் மூக்குக்குள் ஒரு ஓட்டை உண்டு. இரண்டு துவாரங்களுக்கும் நடுவே இருக்கும் சுவரில், பட்டாணி அளவுக்கு. நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போன அன்று, ஒரு துவாரத்தில் நூலை விட்டு மறு துவாரம் வழியாக இழுத்துக் காட்டினார். மருமகனாக வரப்போகிறவனுக்கு வேறு வீடுகளில் குடிக்க ஏதாவது கொடுப்பார்கள். இங்கே வித்தை காட்டினார்கள். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஓட்டையைப் போட்டது குரோமம். இளமையில் அவர் முலாம் பட்டறையில் வேலை பார்த்தார். தண்ணீர்க் குழாய், கதவுக் கைப்பிடி, வண்டிகளின் உதிரி பாகம் எல்லாவற்றையும் கொக்கியில் மாட்டி, குமிழிவிட்டுக்கொண்டிருக்கும் குரோமக் கரைசலில் இறக்கி ஏற்றுவதுதான் வேலை. அதன் ஆவி மூக்கைத் தின்றது. விரல் கணுக்களில் குழிப்புண்களை வைத்தது. சாமான்கள் பளபளவென்று வெளியே போயின. பட்டறையைக் கழுவிய தண்ணீரோ மஞ்சளாக ஓடையில் இறங்கி, ஊர் குடிக்கும் ஏரிக்குப் போனது. மீன்கள் செத்து மிதந்த பிறகுதான் ஊருக்கு விழிப்பு வந்தது. எல்லாப் பட்டறைகளுக்கும் பொதுவாக ஒரு கழிவுநீர் நிலையம் கட்டினார்கள். மாமா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அன்றிலிருந்து அவரைத் தொட்டிக்காரர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவன். சளி, சிறுநீர், சீழ் என்று எது வந்தாலும் அதிலிருக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்து, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துச் சொல்வது என் தொழில். ஆக, ஒரே குடும்பத்தில் கிருமி வளர்த்துப் பிழைப்பவர்கள் இரண்டு பேர். நான் சாகடிப்பதற்காக வளர்க்கிறேனாம், அவர் வாழ வைப்பதற்காக வளர்க்கிறாராம். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

அந்த நிலையத்தில் முதலில் மருந்துப் பொடிகளைப் போட்டு உலோகத்தைப் படிய வைப்பார்கள். மிச்சத் தண்ணீர் ஒரு பெரிய தொட்டிக்குப் போகும். அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். கோடிக்கணக்கான கிருமிகள் சேறுபோலத் திரண்டு அந்தத் தண்ணீரில் மிதந்து, அதிலுள்ள அழுக்கைத் தின்னும். நல்ல நிலையில் அந்தச் சேறு காபிப் பொடி நிறத்தில் இருக்கும். ஆனால் முதல் கட்டத்திலிருந்து கொஞ்சம் குரோமம் தப்பி வந்துவிட்டால் போதும், சேறு சாம்பல் நிறமாகி, வெள்ளை நுரை கக்கி, பிணவாடை அடிக்கும். நகரச் சாக்கடை நிலையத்திலிருந்து லாரியில் புதுச் சேறு கொண்டுவந்து ஊற்றுவார்கள். அதுவும் சாகும். தொட்டி கட்டிய புதிதில் இதே கதைதான்.

ஒருமுறை புது லாரி வரத் தாமதமானது. செத்த தொட்டிக்கு மாமா சும்மா காற்றை ஊதிக்கொண்டிருந்தார். சில நாளில் ஓரமாகப் பழுப்பு நிறத்தில் ஒரு கை அளவு சேறு திரண்டது. அத்தனை கோடியில் ஏதோ கொஞ்சம் பிழைத்துக் கிடந்திருக்கிறது. அவர் அதை ஒரு வாளியில் எடுத்து, தீனி போட்டுப் பெருக்கி, மஞ்சள் தண்ணீரைத் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கினார். பிறகு தொட்டியில் விட்டார். அந்தச் சேறு நின்றது. குரோமம் வந்தாலும் கொஞ்சம் சுணங்கி, மறுபடி எழுந்துகொண்டது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நஞ்சு உள்ளே வந்தால் உடனே வெளியே தள்ளிவிடும் பம்பு சில கிருமிகளின் தோலில் இருக்கும். சில கிருமிகள் மஞ்சள் குரோமத்தைப் பச்சைக் குரோமமாக மாற்றிவிடும். பச்சை அவ்வளவு கொடியதில்லை. இந்த வித்தை தெரிந்தது பிழைக்கும், தெரியாதது சாகும். இன்னொரு வசதியும் உண்டு. வித்தை எழுதிய சிறு வளையம் ஒன்றை ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கும். பெற்ற பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. அண்டை வீட்டுக்காரனுக்கும், யாரென்றே தெரியாத வழிப்போக்கனுக்கும் கொடுக்கும். இதையெல்லாம் நான் மாமாவுக்கு விளக்கியபோது அவர் கண் கலங்கிவிட்டது. நம்ம பிள்ளைகளுக்கு இருக்கிற மனசு மனுஷனுக்கு இல்லை பாருங்கள் என்றார்.

பிள்ளைகள் என்றுதான் சொல்வார். என் மனைவிக்கு அதில் பழைய கோபம் உண்டு. ஒற்றைப் பெண்ணாகப் பிறந்தும் கோடிப் பேரோடு பங்கு போட வேண்டியிருக்கிறது என்பாள். தொட்டிச் சேற்றை உள்ளங்கையில் அள்ளி, விரலால் நசுக்கி, முகர்ந்து பார்த்துத்தான் அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று மாமா சொல்வார். நல்ல சேற்றில் லேசாகத் திராட்சை வாசம் வரும் என்பார். மூக்கில் ஓட்டை விழுந்தும் மோப்பம் மட்டும் போகவில்லை. கையுறை போடச் சொல்லி நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். அதற்கு அவர் சொன்ன பதில் அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"பிள்ளைங்களைத் தொடறதுக்கு எவனாவது கையுறை போடுவானா மாப்பிள்ளை?"

பட்டறைக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தொடர்ந்து விடுமுறை வந்தால், கேட்க ஆள் இல்லாத சமயம் பார்த்துப் பழைய கரைசலை மொத்தமாகத் திறந்துவிடுவார்கள். அப்போது எந்தச் சேறானாலும் தாங்காது. அதனால் மாமா தயிருக்கு உறை எடுத்து வைப்பதுபோல நல்ல சேற்றில் கொஞ்சம் எடுத்து வைக்க நினைத்தார். நிலையத்தில் இடம் தர மாட்டோம் என்றார்கள். சரி என்று, பெரிய வெள்ளைக் கேன் ஒன்றில் ஊற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அதை வைத்தார். மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார் ஒன்று அதற்குள் இரவும் பகலும் குளுகுளுவென்று ஓடும். வீட்டுக்குள் எங்கே உட்கார்ந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும்.

வாரம் ஒரு மூடி மஞ்சள் தண்ணீரைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்து கேனில் விடுவார். நஞ்சே இல்லாமல் சொகுசாக வளர்ந்தால் கிருமி அந்த வித்தையை மறந்துவிடும். சும்மா சுமப்பானேன் என்று வளையத்தை எறிந்துவிடும். பழக்கம் விட்டுப் போகக் கூடாது என்பது அவர் கணக்கு. அதுவும் சரியான கணக்குதான்.

கேனுக்குத் தீனி போடுவது அத்தையின் பொறுப்பு. காலையில் மோட்டாரை நிறுத்தி, சேறு அடியில் படிந்ததும் மேல் தண்ணீரைக் கொல்லையில் சாய்த்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி ஒரு கரண்டி சர்க்கரை போட வேண்டும். அத்தைக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்று சொல்லியிருந்தார். எனக்குக் கொடுப்பினை இல்லை, நீங்களாவது தின்னுங்கள் என்று கேனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போடுவார். சாய்த்த தண்ணீர் அவர் பாதங்களை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போகும். செருப்புப் போட்டுக்கொண்டு கொல்லையில் நிற்கும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

வருடக்கணக்காக இப்படியே நடந்தது. இரண்டு தடவை அந்தக் கேன்தான் தொட்டியைக் காப்பாற்றியது. ஏரியைக் காப்பாற்றியது என்றும் சொல்லலாம். நான் சொல்கிறேன், அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறபோதும் சொல்கிறேன்.

அத்தையின் குதிகாலில் வெடிப்பு இருந்தது. யாருக்குத்தான் இல்லை? சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். வெடிப்பு புண்ணாகி, புண் ஆழமாகி, கணுக்கால் வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார். என் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். வழக்கமான மருந்து கொடுத்தார்கள், குறையவில்லை. அதைவிடப் பெரிய மருந்து கொடுத்தார்கள். சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியது. முழங்காலுக்குப் போவதற்குள் நிறுத்தாவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று அறுவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

சீழ் என் லேபுக்குத்தான் வந்தது. என் கையாலேயே தட்டில் தீட்டி, மருந்து வில்லைகளை அடுக்கினேன். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வட்டம் விழும். மறுநாள் தட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு வட்டம்கூட இல்லை. பச்சை படர்ந்த வளர்ச்சி ஒவ்வொரு வில்லையின் விளிம்பையும் தொட்டுக்கொண்டு நின்றது. எத்தனையோ பேருடைய தட்டில் இதைப் பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அன்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

லேப் டாக்டரம்மா தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற சாதி, இவ்வளவு மருந்தை எதிர்க்க எங்கே கற்றுக்கொண்டது என்று யோசித்தார். நோயாளி எங்கே புழங்குகிறவர் என்று கேட்டார். நான் கேனைப் பற்றிச் சொன்னேன். அதிலிருந்து கொஞ்சம் கொண்டு வா என்றார்.

வீட்டுக்குப் போய் ஒரு சிறு குப்பியில் எடுத்து வந்தேன். மாமா ஆஸ்பத்திரியில் இருந்தார். கேனிலிருந்து வளர்ந்த கிருமியையும் அத்தையின் புண்ணிலிருந்து வளர்ந்ததையும் குரோமம் கலந்த தட்டுகளில் தீட்டினோம். மனிதர் புண்ணில் சாதாரணமாகக் கிடைக்கும் கிருமி அந்தத் தட்டில் தலையெடுக்காது. இரண்டும் செழித்து வளர்ந்தன. இரண்டுமே அதே மருந்துகளை எதிர்த்தன.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். குரோமத்தைத் தாங்கும் வித்தையும் மருந்தைத் தாங்கும் வித்தையும் பல சமயம் ஒரே வளையத்தில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கும். ஒன்றைத் தக்கவைத்தால் மற்றதும் கூடவே தங்கும். முதன்முதலில் சேறு வந்தது நகரச் சாக்கடையிலிருந்து. நம் ஆஸ்பத்திரிக் கழிவும் அங்கேதான் சேர்கிறது. மருந்துக்குப் பழகிய கிருமி அதில் இருந்திருக்கும். வாரம் ஒரு மூடி குரோமம் விட்டவர், தெரியாமலேயே அந்தப் பழக்கத்தையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார். கடைசியில், ஒத்துப் போகிறது என்பதால் இது அதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது, வேறு எங்கிருந்தும் வந்திருக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு அந்த வார்த்தை பிடிப்பாக இருந்தது. அதைப் பற்றிக்கொண்டே அத்தையிடம் போனேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். குப்பியோடு வீட்டுக்கு நான் போய் வந்த செய்தியை என் மனைவி சொல்லியிருந்தாள்.

"அந்தக் கேன்தானே?" என்றார். நான் இழுத்தேன். இருக்கலாம், உறுதியில்லை என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர்கிட்ட சொல்லாதீங்க மாப்பிள்ளை. என் கால் போனா போகுது. அந்த மனுஷன் தாங்க மாட்டார்" என்றார்.

நான் சொல்லவில்லை. ஆனால் மறைக்கவும் எனக்குத் துப்பில்லை. அடுத்த நாள் கடைசியாக இருந்த மருந்தும் பலிக்கவில்லை என்று தெரிந்து, மாமா நேராக லேபுக்கே வந்துவிட்டார். வெளியாட்கள் வரக் கூடாத இடம். என் மாமனார் என்று விட்டுவிட்டார்கள். நான் அப்போதுதான் அத்தையின் தட்டைத் திறந்து வைத்திருந்தேன். வாசலிலேயே நின்று அவர் மூக்கை உறிஞ்சினார். பல நாளாகச் சோர்ந்து கிடந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அட, நம்ம பிள்ளைங்க வாசமாச்சே. அந்தத் திராட்சை வாசம். இதை எதுக்கு இங்க வளர்க்கறீங்க?"

நான் மூடியை எடுத்து மூடுவதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். தட்டின் விளிம்பில் கட்டில் எண் எழுதியிருந்தது. அத்தையின் கட்டில் எண். காலையிலிருந்து மாலைவரை அவர் உட்கார்ந்திருந்த கட்டிலின் எண்ணை அவருக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, எடுக்க மறந்துவிட்டதுபோல. பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். நான் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் வேகவேகமாகச் சொன்னேன். உறுதியில்லை மாமா, எங்கிருந்தும் வந்திருக்கலாம் மாமா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியாது. அங்கிருந்த குழாயில் கையைக் கழுவ ஆரம்பித்தார். நான்தான் குழாயை மூடி, அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

அத்தையின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உயிர் பிழைத்தார்.

அவர் வார்டில் கிடந்த அந்த வாரத்தில் தொடர்விடுமுறை வந்தது. பட்டறைக்காரர்கள் தங்கள் வேலையைக் காட்டிவிட்டார்கள். நிலைய மேலாளர் ஆஸ்பத்திரிக்கே ஓடிவந்தார். தொட்டி நுரை கக்கிவிட்டது, புதுச் சேறு வந்து பழகுவதற்குள் தண்ணீர் ஏரிக்குப் போய்விடும், கேனைக் கொடுங்கள் என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. மாமா தரையைப் பார்த்தபடி, கேன் இல்லை என்றார். ப்ளீச்சிங் ஊற்றி எல்லாவற்றையும் கொன்றுவிட்டேன் என்றார்.

அது பொய். ப்ளீச்சிங் பொடியை வாங்கிக் கேனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தினமும் அதைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார். இது எனக்குத் தெரியும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது என்று என் மனைவி சொன்னதால் அத்தைக்கும் தெரியும்.

கட்டிலில் சாய்ந்திருந்த அத்தை அவரைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க. கொடுத்தனுப்புங்க. ஊரே குடிக்கிற தண்ணி. என் கால் ஒண்ணு போனது போதும். ஆனா திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க."

மாமா கேட்டது என்னிடம். கையுறை இருக்கிறதா மாப்பிள்ளை என்று கேட்டார். லேபிலிருந்து ஒரு பெட்டியே கொண்டுவந்து கொடுத்தேன். உழைத்துக் காய்த்த கைக்கு அவை சிறியவை. இரண்டு கிழிந்தன, மூன்றாவது ஏறியது. கூடப் போய் நானும் பார்த்தேன். கேனின் மோட்டாரை நிறுத்தினார், மூடியை இறுக்கினார், வண்டியில் ஏற்றினார். தொட்டியில் ஊற்றியபோது குனிந்து முகர்ந்து பார்க்கவும் இல்லை. சில நாளில் தொட்டி பழுப்பானது. மேலாளர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாமா கம்பம் மாதிரி நின்றார். இப்போதும் அந்தத் தொட்டியை அவர்தான் பார்க்கிறார். ஆஸ்பத்திரி மருந்தையே மதிக்காத கூட்டம் அது என்று தெரிந்தேதான் பார்க்கிறார். நிறுத்தினால் குரோமம் ஏரிக்குப் போகும். அதன் பிறகு ஒரு தடவைகூடப் பிள்ளைகள் என்று சொன்னதில்லை. முழங்கால்வரை பூட்ஸ், முழங்கைவரை ரப்பர் கையுறை, அங்கேயே குளியல், அங்கேயே மாற்றுத் துணி.

அத்தை வீட்டுக்கு வந்ததும் முதலில் சொன்னது, வீடு என்னமோ மாதிரி இருக்கிறது என்பதுதான். குளுகுளு சத்தம் இல்லை. கொல்லையில் கேன் இருந்த இடத்தைச் சுண்ணாம்பு கொண்டு வெள்ளையடித்திருந்தார் மாமா. சுவரில், கல்லில், தரையில், எல்லாம் வெள்ளை.

புண் ஆறும்வரை தினமும் கட்டு மாற்ற வேண்டும். நர்ஸை ஏற்பாடு செய்கிறேன் என்றேன். மாமா கேட்கவில்லை, தானே செய்கிறேன் என்றார். வேலையிலிருந்து வந்து, மறுபடி குளித்து, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்து, புதுக் கையுறை மாட்டி, அதன்மேல் இன்னொன்று மாட்டி, பிறகுதான் அத்தையின் பக்கத்தில் உட்காருவார். நர்ஸ்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டாள். புண் ஆறியது. கட்டு அவிழ்ந்தது. இனி எண்ணெய் தடவி மெல்லப் பிடித்துவிட்டால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா அப்போதும் இரண்டு கையுறை போட்டுக்கொண்டே பிடித்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் நாங்கள் போயிருந்தபோது அத்தை அவர் கையைத் தடுத்து நிறுத்தினார்.

"பிள்ளைங்களைத் தொடறதுக்குக் கையுறை எதுக்குன்னு கேட்ட மனுஷன் நீங்க. என்னைத் தொடறதுக்கு மட்டும் போட்டுக்கறீங்க. ஒரு தடவை வெறுங்கையால தொடுங்களேன்."

மாமா எழுந்து குழாயடிக்குப் போனார். கையுறைகளைக் கழற்றினார். சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடி கழுவினார். ஈரக்கையை உடம்பில் படாமல் முன்னே நீட்டிக்கொண்டு வந்து நின்றார். தோல் வெளுத்து, பழைய குழித் தழும்புகள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, இப்போ தொடலாமா?"

தொடலாம் மாமா என்றேன். மறுபடியும் சொன்னேன். அவர் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். கை இறங்கவில்லை. காற்றிலேயே நின்றது. அத்தை கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடது முழங்காலின்மேல் வைத்துக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை.